கடல் வற்றும் நேரம்: சிங்கப்பூரின் சேற்றுக்கரைகளில் கால் வைக்க ஒரு முழு வழிகாட்டி

சில ஆண்டுகளுக்கு முன் ஓர் ஆடி அமாவாசை. தாத்தாவுக்குத் திதி கொடுக்க விடியற்காலையிலேயே சாங்கிக் கடற்கரைக்குப் போயிருந்தோம். எள்ளும் நீரும் விட்டுவிட்டுக் காலை நனைக்கலாம் என்று பார்த்தால் கடலையே காணோம். முந்தின மாதம் சுற்றுலா வந்தபோது மரத்தடி வரை அலை அடித்த அதே இடம். இப்போது மணல், சேறு, பச்சைப் பசேலென்று புல், அதற்கும் அப்பால் எங்கோ ஒரு வெள்ளிக் கோடாகத் தண்ணீர். "மாமா, தண்ணிய யாரு எடுத்துட்டுப் போனா?" என்று அக்கா மகன் கேட்டான். பதில் சொல்லத் தெரியவில்லை. ஆனால் பதில் தெரிந்தவர்கள் அங்கேயே இருந்தார்கள். வயதான மலாய்த் தம்பதி ஒன்று, ஆளுக்கொரு வாளியும் சின்னச் சுரண்டியுமாக, குனிந்தபடியே மணல் திட்டில் நகர்ந்துகொண்டிருந்தது. யாரும் அவர்களுக்கு அலாரம் வைத்துக் கொடுத்திருக்க மாட்டார்கள்.

அன்றிலிருந்து நான் இந்தக் கரைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறேன். போக விரும்பும் நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்பதை எல்லாம் இங்கே ஒழுங்காக எழுதி வைக்கிறேன்.

முதல் படி: சுவரில் தொங்கும் நாட்காட்டியைப் பாருங்கள்

பெரும்பாலானவர்கள் சறுக்குவது இங்கேதான். இடத்தை முதலில் முடிவு செய்வார்கள், சனிக்கிழமை காலை 10 மணி என்று நேரம் குறிப்பார்கள், போய் நின்றால் கடல் நிரம்பியிருக்கும். கரைக்குப் போவதில் நம் வசதிக்கு இடமில்லை. நேரத்தை நிலவு குறிக்கும், நாம் போய்ச் சேர வேண்டும்.

நல்ல வேளையாக, நிலவின் கணக்கு நம் வீட்டிலேயே இருக்கிறது. தமிழ் நாட்காட்டியில் அமாவாசையையும் பௌர்ணமியையும் வட்டமிடுங்கள். சூரியன், நிலவு, பூமி மூன்றும் ஏறக்குறைய ஒரே கோட்டில் வரும் நாட்கள் அவை. இரண்டின் இழுப்பும் சேர்ந்துகொள்வதால் ஏற்றத்தில் கடல் வழக்கத்தைவிட மேலே வரும், வற்றத்தில் வழக்கத்தைவிடக் கீழே போகும். உச்சம் அன்றைக்கே வராது, ஒன்றிரண்டு நாள் தள்ளித்தான் வரும். ஆகவே அமாவாசை, அதற்கடுத்த மூன்று நாட்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். பௌர்ணமிக்கும் அப்படியே.

அஷ்டமியை ஒட்டிய நாட்களில் சூரியனும் நிலவும் ஒன்றுக்கொன்று குறுக்காக இழுக்கும். கடல் ஏறவும் ஏறாது, வற்றவும் வற்றாது, சோம்பலாகக் கிடக்கும். அஷ்டமி, நவமியில் நல்ல காரியம் தொடங்கக் கூடாது என்பார்கள். வேறு எதற்கும் நான் அதைப் பார்ப்பதில்லை. சேற்றுக்குப் போவதற்கு மட்டும் பார்க்கிறேன்.

அடுத்து நேரம். இங்கே ஒரு நாளில் கடல் இரண்டு முறை ஏறி இரண்டு முறை வற்றும். முழுச் சுற்றுக்கு 24 மணி 50 நிமிடம் ஆவதால், இன்று பார்த்த வற்றம் நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் பிந்தும். சிங்கப்பூரைப் பொறுத்தவரை அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் கடல் உச்சிப்பொழுதிலும் நள்ளிரவிலும் நிரம்பி, விடியலிலும் அந்தியிலும் வற்றுகிறது. அந்த இரண்டில் எது ஆழமாக வற்றும் என்பது மாதத்தைப் பொறுத்தது. சித்திரையிலிருந்து ஆவணி வரை விடியற்காலை வற்றம் ஆழமானது. அதனால்தான் ஆடி அமாவாசையில் எங்களுக்குக் கடல் கிடைக்கவில்லை. கார்த்திகையிலிருந்து மாசி வரை அந்தி வற்றம் ஆழமானது. தைப்பூசத்துக்கு மறுநாள் கால்வலி தாங்குமென்றால் சாயங்காலம் கரைக்குப் போகலாம். காலை எழ முடியாதவர்களுக்கு ஆண்டின் இறுதிதான் சரி, ஆனால் அது மழைக்காலம். எதையாவது ஒன்றை விட்டுக்கொடுக்கத்தான் வேண்டும்.

நாளைக் குறித்தபின் ஓத அட்டவணையை, அதாவது கடல் ஏறி வற்றும் நேரப் பட்டியலை, திறங்கள். கடல்துறை, துறைமுக ஆணையம் ஆண்டுதோறும் வெளியிடுகிறது. தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் இணையத்தளத்திலும் அன்றாட விவரம் கிடைக்கும். ஒவ்வொரு வரியிலும் ஒரு நேரமும் மீட்டரில் ஓர் உயரமும் இருக்கும். அந்த உயரம் தண்ணீரின் ஆழமன்று. கடல் மிக மிகக் கீழே போகும் மட்டத்தை ஏறக்குறைய பூச்சியமாக வைத்து, அதற்கு மேல் எவ்வளவு என்று சொல்வது. 0.5 மீட்டருக்குக் கீழே இருந்தால் போகலாம். 0.3க்குக் கீழே என்றால் விடுப்பு எடுத்துக்கொண்டு போகலாம். 1 மீட்டருக்கு மேல் என்றால் வீட்டில் தூங்குங்கள்.

நேரம் 24 மணிக் கணக்கில் இருக்கும். மாதத்தையும் சரிபாருங்கள். நான் ஒரு முறை அடுத்த மாதத்துப் பக்கத்தைப் பார்த்து, நண்பர் குடும்பத்தோடு விடியற்காலை 5 மணிக்குப் போய் நின்றேன். அலை மரவேர்களை நனைத்துக்கொண்டிருந்தது. சாங்கி வில்லேஜ் உணவங்காடியில் நாசி லெமாக் சாப்பிட்டுவிட்டுத் திரும்பினோம். அந்த நண்பர் இன்றும் என் அட்டவணையைத் தானும் ஒரு முறை சரிபார்க்கிறார்.

இன்னொரு கணக்கையும் மனத்தில் வையுங்கள், உயிரைக் காக்கும் கணக்கு. வற்றத்திலிருந்து ஏற்றத்துக்கு ஏறக்குறைய 6 மணி நேரம். அந்த 6 மணியில் கடல் ஒரே சீராக ஏறுவதில்லை. மொத்த உயரத்தைப் 12 பங்காக்கினால் முதல் மணியில் 1 பங்கு, இரண்டாவதில் 2, மூன்றாவதில் 3, நான்காவதில் 3, பிறகு 2, 1 என்று தோராயமாக ஏறும். 0.2 மீட்டரிலிருந்து 2.9 மீட்டருக்கு ஏறும் நாளை எடுத்துக்கொள்வோம். முதல் மணியில் ஒரு சாண். இரண்டாவது மணியில் ஒரு முழம். மூன்றாவது மணியில் மட்டும் ஒன்றரை முழம். "இவ்வளவு நேரமாகக் கொஞ்சம்தானே ஏறியிருக்கிறது" என்று நினைக்கும் அந்த நொடிக்குப் பிறகுதான் அது ஓடி வரும்.

இரண்டாம் படி: இடத்தைத் தேர்ந்தெடுங்கள்

முதல் முறை போகிறவர்களுக்குச் சாங்கிக் கடற்கரைதான். மணல் கலந்த தரை, கால் அதிகம் புதையாது, கழிவறை உண்டு, போக அனுமதி கேட்கத் தேவையில்லை. 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜ் வரை வரும். ஆனால் ஆனி, ஆடியில் வற்ற நேரம் முதல் பேருந்துக்கு முன்பே வந்துவிடும். வாடகைக் காருக்குப் பணம் எடுத்து வையுங்கள்.

பாசிர் ரிஸ் இன்னும் சேறானது. அங்கே இறங்குவதைவிட பூங்காவின் அலையாத்திக் காட்டுக்குள் போடப்பட்ட மரப்பாதையில் நின்று பார்ப்பது நல்லது. சின்னப் பிள்ளைகளும் தாத்தா, பாட்டியும் வருகிறார்கள் என்றால் நான் அங்கேதான் கூட்டிப்போவேன்.

தென்கடலில் சிஸ்டர்ஸ் தீவுகள். 2014இல் நாட்டின் முதல் கடல் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. சேறு குறைவு, பவளம் அதிகம், படகுச் செலவும் அதிகம். ஈஸ்ட் கோஸ்ட் பக்கத்திலும் கடல் வற்றும்போது பார்க்க நிறைய உண்டு. செயற்கையாக நிரப்பிய கரையிலேயே கடல் புல் முளைத்திருக்கிறது. அதற்கு வெளியே சுமார் 800 ஹெக்டர் நிலத்தை நிரப்பி உருவாக்கும் 'லாங் ஐலண்ட்' திட்டம் 2023இல் அறிவிக்கப்பட்டது என்பதால், போவதைத் தள்ளிப்போட வேண்டாம்.

செக் ஜாவாவைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். புலாவ் உபின் தீவின் கிழக்கு முனை அது. மணல் திட்டு, சேற்றுத்திட்டு, கடல் புல்வெளி, பவளச் சிதைவு, பாறைக்கரை, அலையாத்தி எல்லாம் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும் இடம். 1992இலேயே இதை மண் போட்டு நிரப்ப முடிவாகியிருந்தது. 2000ஆம் ஆண்டின் கடைசியில் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு போன ஒரு தாவரவியலாளர், ஜோசப் லாய், வற்றத்தில் அங்கே இருந்ததைப் பார்த்துத் திகைத்தார். செய்தி பரவியது. 2001 முழுவதும் அருங்காட்சியகத் தொண்டூழியர்கள் சேற்றில் இறங்கி உயிரினங்களைப் பட்டியலிட்டார்கள். "போவதற்குள் பார்த்துவிடலாம்" என்று ஆயிரக்கணக்கானோர் பம்போட் என்னும் சிறு படகில் போனார்கள். துயர வீட்டுக்குப் போவதுபோல்தான் போனார்கள். ஆனால் பணி தொடங்க இருந்த நேரத்தில் அரசாங்கம் அதை ஒத்திவைத்தது. 2002 ஜனவரியில் அது உறுதியானது. 2007இல் மரப்பாதை திறக்கப்பட்டது.

அதே 2007இன் தொடக்கத்தில், யாரும் மண் போடாமலே, அங்கே பெரிய சாவு விழுந்தது. மலேசியாவின் ஜோகூரில் கொட்டித் தீர்த்த மழையின் வெள்ளம் நடுவில் இருக்கும் நீரிணைக்குள் இறங்கியது. கடலின் உப்பு குறைந்தது. கடல் சாமந்தியும் நட்சத்திர மீனும் கடல் அட்டையும் அந்த நன்னீரைத் தாங்காமல் கூட்டமாக மடிந்தன. கொஞ்சம் கொஞ்சமாக மீண்டும் வந்தன. இந்தக் கரைகளுக்கு நம் நாட்டு எல்லை தெரியாது.

செக் ஜாவாவில் நீங்களாக மணலில் இறங்கக் கூடாது. தேசியப் பூங்காக் கழகம் நடத்தும் வழிகாட்டி நடைக்கு முன்பதிவு செய்தால் இறங்கலாம். இடம் சீக்கிரம் தீர்ந்துவிடும். இல்லையென்றால், 0.5 மீட்டருக்குக் கீழே வற்றும் ஒரு பகல் நேரத்தைப் பார்த்துப் போய், மரப்பாதையிலிருந்தே குனிந்து பாருங்கள். ஒரு தொலைநோக்கி இருந்தால் போதும். காலை 8.30 மணிக்குத் திறந்து மாலை 6 மணிக்கு மூடுவார்கள் என்பதால் விடியற்காலை வற்றம் அங்கே உதவாது. சாங்கிப் படகு முனையத்தில் 12 பேர் சேர்ந்ததும் படகு கிளம்பும். ரொக்கப் பணம் கையில் வைத்திருங்கள்.

மண்டாய்ச் சேற்றில் இறங்கவே வேண்டாம். இடுப்பு வரை விழுங்கும் சேறு, போதாக்குறைக்கு உவர்நீர் முதலை.

மூன்றாம் படி: எடுத்துப் போக வேண்டியவை

கணுக்காலை மூடும், கட்டிக்கொள்ளும் காலணி. ரப்பர் பூட்ஸ் நல்லது, பழைய கேன்வாஸ் காலணியும் போதும். ஜப்பான் சிலிப்பர் மட்டும் வேண்டாம். என் முதல் ஜோடியில் ஒன்று இன்னும் சாங்கிச் சேற்றுக்குள்தான் இருக்கிறது. முழுக்கால் சட்டை, தண்ணீர், தலையில் மாட்டும் விளக்கு, கைப்பேசியைப் போட நீர் புகாத பை, மணல் ஈக்கடிக்குத் தைலம். வாளியும் வலையும் வேண்டாம். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

நான்காம் படி: இறங்கி நடப்பது

வற்றம் 6.00 மணிக்கு என்றால் 4.30க்கு இறங்குங்கள். தண்ணீர் பின்வாங்கப் பின்வாங்க அதன் பின்னாலேயே போக வேண்டும். 6.00 மணிக்குத் தொலைவான இடத்தில் இருந்துவிட்டு உடனே கரையைப் பார்த்துத் திரும்புங்கள். பலர் வற்றம் வரும் நேரத்தில்தான் இறங்குகிறார்கள். அவர்களுக்குக் கிடைப்பது ஏறும் கடல்.

திரும்பும்போது ஒன்றைக் கவனியுங்கள். கடல் உங்கள் முகத்துக்கு நேரே மட்டும் வராது. திட்டுக்கும் கரைக்கும் நடுவில் இருக்கும் பள்ளங்களில் முதலில் நிரம்பும். நீங்கள் கடலைப் பார்த்துப் படமெடுத்துக்கொண்டிருக்கும்போது முதுகுக்குப் பின்னால் ஒரு வாய்க்கால் ஓட ஆரம்பித்திருக்கும். போகும்போது கடந்த பள்ளங்களை நினைவில் வையுங்கள்.

காலைத் தூக்கித் தூக்கி வைக்காமல் தரையோடு தேய்த்து நடங்கள். மணலுக்குள் படுத்திருக்கும் திருக்கை அதிர்வை உணர்ந்து விலகிவிடும். கடல் புல்லை மிதிக்காமல் மணல் பாதையாகச் சுற்றிப் போங்கள். சேறு முழங்காலைத் தொட்டால் அதுவே எல்லை. மாட்டிக்கொண்டால் இழுக்காதீர்கள், குதிகாலை மெல்ல ஆட்டி, சேற்றுக்குள் நீர் புக விட்டு, காலைச் சாய்வாக எடுங்கள். இடி முழங்கினால் நடையை முடித்துவிடுங்கள். அந்த வெட்டவெளியில் உயரமான பொருள் நீங்கள்தான்.

திருக்கை முள்ளோ கல்மீன் முள்ளோ குத்திவிட்டால், தாங்கக்கூடிய அளவு சூடான நீரில் காலை வைத்தபடி 995ஐ அழையுங்கள். சூடு வலியைக் குறைக்கும். மருத்துவமனைக்குக் கட்டாயம் போக வேண்டும். கல்மீன் பார்ப்பதற்குப் பாசி பிடித்த கல்லாகவே இருக்கும் என்பதால், கல்லில் கை வைத்து ஊன்றும் பழக்கத்தை விட்டுவிடுங்கள்.

ஐந்தாம் படி: குனிந்து பாருங்கள்

முதல் தடவை போகிறவர்கள் 10 நிமிடத்தில், "ஒன்றும் இல்லையே" என்பார்கள். நின்றுகொண்டு பார்த்தால் ஒன்றும் இருக்காதுதான். ஓர் இடத்தில் குந்தி, அசையாமல், 100 வரை எண்ணுங்கள்.

கரையின் மேல்பகுதி மணலில் கடுகுருண்டைபோல் ஆயிரக்கணக்கில் மணல் உருண்டைகள் கிடக்கும். நடுவில் ஒரு சின்னத் துளை, அதைச் சுற்றிக் கதிர் கதிராக உருண்டைகள், இடையில் ஒரு வழித்தடம். நிழல் விழுந்தால் துளைக்குள் ஓடிவிடுகிற, பட்டாணி அளவே இருக்கும் ஒரு நண்டின் வேலை அது. காத்திருந்தால் வெளியே வரும். இரண்டு கையாலும் மாறி மாறி மணலை அள்ளி வாயில் வைக்கும், மணலில் ஒட்டியிருக்கும் நுண்ணிய உணவை மட்டும் உறிஞ்சிக்கொள்ளும், சுத்தமான மணலை உருட்டி விட்டுவிட்டு ஓர் அடி நகரும். விடாமல் அதே வேலை. என் அம்மா இதைப் பார்த்துவிட்டு, "புள்ளிக்கோலம் போடுறா" என்றார். கோலம்தான். மறுநாள் இருக்காது, அடுத்த ஏற்றம் துடைத்துவிடும், மறுபடி போடும். சங்கத் தமிழின் நெய்தல் பெண்கள் அலவனை ஓடவிட்டு விளையாடினார்கள் என்று பள்ளியில் படித்தபோது, நண்டோடு என்ன விளையாட்டு என்றுதான் நினைத்தேன்.

சேறு கூடுதலாக உள்ள இடத்தில் ஒற்றைக் கை மட்டும் பெரிதாக இருக்கும் பிடில் நண்டுகள். ஆண்களுக்குத்தான் அந்தக் கை. தூரத்திலிருந்து பார்த்தால் முழுத் திட்டும் "வா, வா" என்று கையசைப்பதுபோல் இருக்கும். அழைப்பு பெண் நண்டுகளுக்கு, நமக்கல்ல. அதே சேற்றில் துடுப்பை ஊன்றித் தத்திப் போகும் மீன், மலாயில் பெலோடோக். செவுள் அறைக்குள் நீரைத் தேக்கிக்கொண்டும், ஈரத் தோலால் மூச்சுவிட்டுக்கொண்டும் கரையில் வாழ்கிறது. ஈரம் காயாமல் இருக்க அவ்வப்போது சேற்றில் புரளும்.

கடல் புல்லைப் பாசி என்று தள்ளிவிடாதீர்கள். வேர், இலை, பூ எல்லாம் உள்ள உண்மையான செடி. இங்கே 12 வகை உண்டு. ஆவுளியா, அதாவது கடல் பசு, மேயும்போது புல்வெளியில் ஒற்றையடிப் பாதைபோல் தடம் விடும். விலங்கைப் பார்ப்பது அரிது, தடத்தைப் பார்த்தவர்கள் உண்டு.

குதிரைலாட நண்டு மல்லாந்து கிடந்தால், ஓட்டின் இரு பக்கமும் பிடித்துத் திருப்பி விடுங்கள். வாலைப் பிடித்துத் தூக்கினால் மூட்டு முறிந்துவிடும். அதன் இரத்தம் செம்பு கலந்த நீலம், மருந்துகளில் கிருமி நஞ்சு இருக்கிறதா என்று சோதிக்கப் பயன்படுகிறது. அலையாத்திப் பக்கம் இருக்கும் சின்ன வகையில் சில நேரம் கொடிய நஞ்சு இருக்கும், தின்று செத்தவர்கள் உண்டு.

காட்டோரம் வந்தால் மரங்கள் நமக்குத் தெரிந்தவைதான். பிச்சாவரம் போயிருந்தால் சுரபுன்னையின் கவட்டு வேர் அடையாளம் தெரியும். பென்சில் நட்டு வைத்ததுபோல் சேற்றிலிருந்து நீண்டிருப்பவை அலையாத்தியின் மூச்சு வேர்கள். சிதம்பரத்துக்குத் தில்லை என்று பேர் வாங்கிக் கொடுத்த தில்லை மரம் சுங்கை பூலோ சதுப்பில் நிற்கிறது. பாலைத் தொட்டுவிட்டுக் கண்ணைக் கசக்காதீர்கள். மலாய்க்காரர்கள் அதற்கு 'பூத்தா பூத்தா', குருடு குருடு, என்று பெயர் வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

ஆறாம் படி: அங்கே இருக்கும் மனிதர்களிடம் பேசுங்கள்

நாம் பொழுதுபோக்காகப் போகும் இடம் சிலருக்கு அடுப்படி. சாங்கியிலும் பாசிர் ரிஸிலும் நல்ல வற்ற நாட்களில் ரெமிஸ் என்னும் மட்டியைத் தேடும் பெரியவர்களைப் பார்ப்பீர்கள். நேரே போய்ப் படமெடுக்காதீர்கள். "மாக்சிக், பாக்சிக்" (மலாயில் அத்தை, மாமா) என்று வணக்கம் சொல்லுங்கள், என்ன கிடைத்தது என்று கேளுங்கள். எனக்கு ஒரு மாக்சிக் சொல்லிக்கொடுத்தது: பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊசித்துளை இருந்தால் அடியில் மட்டி. ஒன்று தண்ணீர் உள்ளே போக, ஒன்று வெளியே வர. காலால் பக்கத்தில் அழுத்தினால் பீச்சாங்குழல்போல் நீர் அடிக்கும். அவர் சுண்டுவிரல் நகத்தைவிடச் சின்னதை எல்லாம் திருப்பிப் போட்டுவிட்டார். அப்புறம் கோங்கோங் சங்கு. அரிவாள்போல் வளைந்த மூடியை மணலில் ஊன்றித் துள்ளிப் போகும், இரண்டு காம்பில் இரண்டு கண் வைத்து உங்களைப் பார்க்கும். அவித்துச் சம்பாலோடு சாப்பிடுவது தென் தீவுக்காரர்களின் பழைய வழக்கம். அந்தக் குடும்பங்களின் வழித்தோன்றல்கள் 'ஒராங் லாவுட் எஸ்ஜி' என்ற பெயரில் அந்தச் சமையலையும் கதைகளையும் இப்போது மீட்டெடுத்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஒராங் லாவுட் என்றால் கடல் மக்கள். 1819இல் ராஃபிள்ஸ் வந்து இறங்கியபோது காலாங் ஆற்றின் கழிமுகத்தில் படகுகளில் வாழ்ந்தவர்கள் ஒராங் காலாங். சில ஆண்டுகளிலேயே ஜோகூர்ப் பக்கம் அனுப்பப்பட்டு, அங்கே அம்மைக்குப் பலியானார்கள். வடக்கே அலையாத்தி ஓடைகளில் கூரை வேய்ந்த படகில் வாழ்ந்தவர்கள் ஒராங் சிலேத்தார். படகிலேயே பிறப்பு, படகிலேயே அடுப்பு, வற்றத்தில் நண்டு, ஏற்றத்தில் மீன். அவர்களின் வழிவந்தோர் இன்று நீரிணைக்கு அந்தப் பக்கம் ஜோகூர் பாரு கரையோரக் கிராமங்களில் இருக்கிறார்கள். நடுவில் கோடு போட்டது நாடுகள்தான், கடல் இல்லை. செமாக்காவ், சாக்கெங் தீவுக்காரர்கள் வீடமைப்பு வளர்ச்சிக் கழகக் குடியிருப்புகளுக்கு மாறினார்கள். செமாக்காவில் 1999 முதல் நம் குப்பையின் சாம்பல் நிரப்பப்படுகிறது. அதன் மேற்குப் பக்கத் திட்டு இன்னும் உயிரோடு இருக்கிறது.

ஓதத்தையே வலைக்குள் வேலை வாங்கியவர்கள் கேலோங் கட்டியவர்கள். நிபோங் பனைக் கம்புகளை வேலிபோல் கடலில் நட்டு, நீரோட்டத்தோடு வரும் மீன் வேலியை ஒட்டியே நீந்தி அறைக்குள் போய்ச் சேரும்படி வைத்திருந்தார்கள். இரவில் விளக்கைத் தொங்கவிட்டு வலையைத் தூக்குவார்கள். ஆழமற்ற கரையில் 'சுங்கோர்' என்னும் தள்ளுவலையைத் தள்ளிக் கூனி இறால் பிடிப்பார்கள். நம் வீட்டு அம்மியிலும் ஏறிய பெலாச்சான் என்னும் இறால் விழுது அதிலிருந்துதான்.

தமிழருக்கு இதில் என்ன பங்கு என்று கேட்பவர்கள் லிட்டில் இந்தியா வட்டாரமான தேக்காவையே பார்க்கலாம். ரோச்சோர் ஆற்றோரச் சதுப்பில் எருமைகள் புரள வசதியிருந்ததால்தான் அங்கே மாட்டுத் தொழில் வளர்ந்தது. அந்த வட்டாரத்தின் மலாய்ப் பெயரான கண்டாங் கெர்பாவ் என்றால் எருமைக் கொட்டில். வீரமாகாளியம்மன் கோயிலுக்குச் சுண்ணாம்புக் கம்பக் கோயில் என்ற பெயரும் இருந்தது, பக்கத்தில் சுண்ணாம்புக் காளவாய்கள். செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 19ஆம் நூற்றாண்டில் எழுப்பியவர்கள் இந்தியக் கைதிகள். அதன் சுவருக்குப் பூசிய 'மெட்ராஸ் சுனாம்' சிப்பிச் சுண்ணாம்பும் முட்டை வெள்ளைக்கருவும் வெல்லமும் தேங்காய் மட்டை ஊறிய நீரும் கலந்தது. சதுப்பை நிரப்பிய மண்கூடைகளை நம்மவர் தோளும் சுமந்தது. 1960களில் சுமார் 580 சதுர கிலோமீட்டராக இருந்த தீவு இன்று 730ஐத் தாண்டிவிட்டது. கூடிய நிலத்தில் ஒரு பகுதி முன்பு ஒரு நாளில் இரண்டு முறை நனைந்து காய்ந்த கரை. பீச் ரோட்டில் நின்று கடலைத் தேடிப் பாருங்கள்.

இப்போது வாளி விஷயம். 2021இல், நோய்ப்பரவலால் வெளியூர் போக முடியாத விடுமுறையில், சாங்கியில் நூற்றுக்கணக்கானோர் இறங்கி நண்டு, நட்சத்திர மீன், சங்கு என்று வாளி வாளியாக அள்ளினார்கள். பூங்காக் கழக ஊழியர்கள் நின்று சொல்ல வேண்டியதாயிற்று. ஒரு மாக்சிக் மாதம் இரண்டு முறை குழம்புக்கு எடுப்பதும், ஐந்நூறு பேர் பிள்ளைக்கு விளையாட்டுக் காட்ட எடுப்பதும் ஒன்றல்ல என்பது என் கட்சி. பெரும்பாலானவை வீட்டுத் தொட்டியில் ஓரிரு நாளில் நாறிப்போகும். சாப்பிடவும் நான் எடுப்பதில்லை. மட்டி நீரை வடிகட்டித் தின்னும் உயிர், நீரில் உள்ள கிருமியும் பாசி நஞ்சும் அதனுள் சேரும், வேகவைத்தாலும் சில நஞ்சு போகாது. கெராங் மட்டி வேண்டுமென்றால் சந்தையில் வாங்குங்கள்.

ஏழாம் படி: பறவைக்கு மட்டும் கணக்கைத் தலைகீழாக்குங்கள்

செப்டம்பரிலிருந்து மார்ச் வரை சைபீரியப் பக்கத்திலிருந்து உள்ளான்கள் வரும். கோடியக்கரையில் பார்த்துப் பழகியவர்களுக்குப் பவளக்காலி தெரிந்திருக்கும். இவை கடல் வற்றும்போது மண்டாய்ச் சேற்றில் மேய்கின்றன, ஏற்றத்தில் சேறு மூழ்கியதும் சுங்கை பூலோவின் பழைய இறால் குளங்களுக்குப் பறந்து வந்து ஒற்றைக்காலில் ஓய்வெடுக்கின்றன. ஆகவே சுங்கை பூலோவுக்கு ஏற்ற நேரத்தில் போக வேண்டும். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் அது உச்சிப்பொழுதுக்குப் பக்கம், பறவை பார்க்கும் மறைவிடங்களில் நிழல் உண்டு. கிராஞ்சி எம்ஆர்டியிலிருந்து பேருந்து.

1980களில் பறவை பார்ப்பவர்கள் மனுக் கொடுத்துக் காப்பாற்றிய இடம் இது. 1993இல் பூங்காவாகத் திறக்கப்பட்டு, 2002இல் இயற்கை வனப்பகுதியானது. ஒன்று மட்டும் இருந்தால் போதாது, மேயும் இடமும் தூங்கும் இடமும் சேர்ந்தே வேண்டும் என்ற இயற்கைச் சங்கத்தின் நெடுங்கால வாதத்துக்குப் பின், 2018இல் மண்டாய்ச் சேறும் இயற்கைப் பூங்காவாகும் என்று அறிவிக்கப்பட்டது. 72.8 ஹெக்டர்.

எட்டாம் படி: வீட்டுக்கு வந்ததும்

காலணியைக் கடற்கரைக் குழாயிலேயே ஒரு முறை அலசுங்கள், வீட்டில் சோப்புப் போட்டு இன்னொரு முறை. கால் விரலிடுக்கில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். கொட்டலசு ஓடு கிழித்தது உடனே தெரியாது. கிழித்திருந்தால் நன்றாகக் கழுவி மருந்து போடுங்கள், சிவந்து வீங்கினால் காத்திருக்காமல் மருத்துவரிடம் போங்கள். எடுத்த படங்களுக்கு இடமும் தேதியும் வற்ற உயரமும் எழுதி வையுங்கள். அடுத்த ஆண்டு அதே அமாவாசைக்குப் போகும்போது ஒப்பிட உதவும்.

காலணியை மட்டும் தாழ்வாரத்தில் அப்படியே விட்டுவிடாதீர்கள். நான் ஒரு முறை விட்டேன். மறுநாள் எதிர்வீட்டு அங்கிள் கதவைத் தட்டி, "யார் வீட்டிலே பெலாச்சான் வறுக்கிறீங்க?" என்று கேட்டார்.